காத்துக்காகக் காத்திருந்த தாத்தா

நம்ம குண்டாறு கடைசியில எங்கே போய்ச் சேருது தெரியுமா? "வருஷம் பூரா மணலாத்தான் கெடக்கு, அது எங்கே போகப் போகுது" என்று சிரிப்பீர்கள். ஆனால் அது திருச்சுழி, கமுதி வழியாகப் போய் மூக்கையூர் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த மூக்கையூர்தான் எங்க அம்மா பிறந்த ஊர்.

அங்கே தாத்தாவிடம் ஒரு சின்ன மர வள்ளம் இருந்தது. எஞ்சின் கிடையாது. ஒரு பாய், ஒரு சுக்கான், ரெண்டு துடுப்பு, அவ்வளவுதான். இப்போது ஊரில் பெரும்பாலும் ஃபைபர் படகுதான். மாமாக்கள் ரெண்டு பேரும் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டார்கள். துணைக்கு ஆள் இல்லை. அதனால் வள்ளத்தை வாலிநோக்கத்தில் ஒருவருக்கு விற்றுவிடத் தாத்தா முடிவு செய்தார்.

"மினி லாரியில ஏத்தி அனுப்பிரலாம் மாமா" என்றார் அப்பா.

"இத்தனை வருஷம் அது என்னைச் சுமந்துச்சு. கடைசியில அதை லாரி சுமக்கணுமா? காத்துலயே கொண்டுபோய் விட்டுர்றேன் மாப்பிள்ளை" என்று தாத்தா சொல்லிவிட்டார். அவருக்கு வயது 68. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

கடல் வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். மே மாதக் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆனால் பெரிய படகுகள் எல்லாம் கரையில் நிற்பதால் கடலில் ஆள் நடமாட்டம் குறைவு. விடிகாலை 5 மணிக்குத் தாத்தா தனியாகப் பாய் விரித்தார். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காத்து, வள்ளத்தைப் பின்னாலிருந்து தள்ளியது. ஒரு கை சுக்கானில், ஒரு கை பாய்க் கயிற்றில். செல்போனில் தண்ணி பட்டுரும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

நாங்கள் பஸ்ஸில் வாலிநோக்கம் போய்ச் சேர்ந்தோம். 8 மணிக்கு வந்திருக்க வேண்டியவர், 9 ஆகியும் காணோம். 10 ஆகியும் காணோம். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. அம்மா பேசவே இல்லை, சேலை முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்தார். "ஃபைபர் படகு ஒண்ணு எடுத்துட்டுப் போய்ப் பாப்பமா?" என்று அப்பா அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்குத் தூரத்தில் வெள்ளையாக ஒரு முக்கோணம் தெரிந்தது. பாய்! அம்மா அப்போதுதான் மணலில் உட்கார்ந்தார்.

தாத்தா இறங்கியதும், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார் அம்மா.

"நல்லதண்ணி தீவு பக்கம் காத்து செத்துப்போச்சு. நீரோட்டம் பார்ப் பக்கமா இழுத்துச்சு. பாயை எறக்கி, கல்லைப் போட்டுட்டு, பழைய சோத்தைத் தின்னுட்டு உக்காந்துட்டேன்" என்றார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறை. அதில் மோதினால் பலகை பிளந்துவிடும்.

"தீவுல ஏறியிருக்கலாமே தாத்தா?" என்று கேட்டேன். அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாம். அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாதாம்.

"துடுப்புப் போட்டு வந்திருக்கலாமே?"

"தனி ஆளு வெயில்ல துடுப்புப் போட்டுச் சத்து போச்சுன்னா, காத்து வர்றப்ப கயித்தை எந்தக் கையால பிடிக்கிறது? வெயில் ஏறுனா கடக்காத்து வரும்னு தெரியும். காத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறதும் ஒரு வேலைதான்யா."

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், அதனால் பகலில் கடல் காற்று வீசும் என்று அறிவியலில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். தாத்தா அதை நம்பி நடுக்கடலில் உட்கார்ந்திருக்கிறார்.

1968, 69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்பவர் எங்கும் நிற்காமல் தனி ஆளாக 312 நாளில் உலகைச் சுற்றினார். அவருடைய 'சுஹைலி' படகு பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமியும் 2012, 13-இல் அப்படிச் சுற்றி வந்தார். தாத்தா போனது 20 கிலோமீட்டர்தான். ஆனால் காத்து நின்றுபோனால் அவர்களுக்கும் தாத்தாவுக்கும் ஒரே பாடம்தான் என்று நினைக்கிறேன்.

நம்ம ஊர் மானாவாரிக் காட்டிலும் இதுதானே நடக்கிறது? உழுது போட்டு, விதையை எடுத்து வைத்து, மழைக்காக வானத்தைப் பார்க்கிறார்கள். பார்ப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். இனிமேல் அவர்களைச் சும்மா இருக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு