உம்மாவும் மலை ஏறட்டும்



நம் வீடுகளில் பிரயாணப் பேச்சு எடுபட்டதும் முதலில் வெளியே வருவது பெரிய சட்டிதான். இருபது பேருக்குச் சோறு, கோழி, அவித்த முட்டை, அச்சாறு. உம்மா இரவு இரண்டு மணிக்கு எழும்பி ஆக்க வேண்டும். வேன் வந்ததும் சட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு இடம். ஆண்களும் பிள்ளைகளும் நீர்வீழ்ச்சியைப் பார்க்க இறங்கிப் போகும்போது செருப்புகளையும் கைப்பைகளையும் காத்துக்கொண்டு வேனில் இருப்பவர் அவர். இரவு வீடு திரும்பியதும் சட்டி கழுவுபவரும் அவரே. இத்தனைக்கும் பிறகு, "உங்களையும் கூட்டிக்கொண்டு போனோமே" என்று கணக்கு வேறு வைத்துக்கொள்கிறோம்.

பூமியில் பிரயாணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள் என அல்குர்ஆன் அழைக்கிறது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் வந்ததல்ல. ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். அப்படியொரு பிரயாணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி, ஆயிஷா நாயகி முந்தினார்கள். பின்னொரு காலத்தில், உடல் சற்றுப் பருத்த பிறகு ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். இது அபூதாவூதில் வரும் செய்தி. சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட மனைவியின் செய்தி அல்ல.

எனவே அடுத்த பிரயாணத்தின் திட்டத்தை நீங்களே போடுங்கள். கணவரோ, வாப்பாவோ, சகோதரனோ, வளர்ந்த மகனோ, மஹ்ரமான ஒருவர் கூட வரட்டும். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பவரானால், லீவில் வரும் மாதம் முழுவதும் கல்யாண வீட்டுச் சாப்பாடுகளில் கழிந்துவிடுமுன் ஒரு வாரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? நாம் இருப்பது வெப்ப வலயத் தீவொன்றில். மழைக்காடு, யானைக்காடு, குளிர் மலை மூன்றும் ஒரு நாள் வாகன ஓட்டத்துக்குள் அடங்கிய நாடுகள் உலகில் அதிகமில்லை. சிங்கராஜ வனம், உடவளவை, அப்புத்தளை. இந்த மூன்று இடங்களில் மட்டும் தங்குங்கள். "வந்ததோடு கதிர்காமப் பக்கமும் போய், நுவரெலியாவையும் பார்த்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒரு வாரத்தில் பத்து ஊர் பார்ப்பவர் பார்ப்பது வேனின் கண்ணாடியைத்தான்.

காலம் முக்கியம். நம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. ஆனால் அந்த மாதம் அலைவதற்குரியதல்ல. பெருநாளுக்குப் பிந்திய நாட்களைப் பாருங்கள். நோன்புப் பெருநாள் 2027இல் மார்ச் 10 அளவில் வரும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், சிங்கராஜ வனத்துக்குள் போக ஏற்ற காலம் அது. இன்னொரு வசதியும் உண்டு. பெருநாள் பிறையில் வருகிறது, போயா பூரணையில் வருகிறது. பெருநாளை அடுத்த சனிக்கிழமை புறப்பட்டால், போயா விடுமுறைச் சனக்கூட்டம் சேருமுன் பெரும்பாலும் வீடு திரும்பிவிடலாம். ஷவ்வால் ஆறு நோன்பை வந்த பிறகும் பிடிக்கலாம், மாதம் முடியவில்லை.

"எல்லாம் சரிதான் ஹஸ்ரத், தொழுகைக்கு என்ன செய்வது?" என்பீர்கள். பெண்கள் பலர் பிரயாணத்தையே வேண்டாமென்பது இதனால்தான். அரபுக் கல்லூரியில் பிரயாணத் தொழுகைப் பாடத்தை மாணவர்கள் மளமளவென்று ஒப்புவிக்கிறார்கள். அந்தச் சலுகை அவர்களுடைய உம்மாமாருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு மர்ஹலா, அதாவது ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பிரயாணத்தில், ஊர் எல்லையைத் தாண்டியதும் ளுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டிரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கலாம். ஸுபஹிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. போகும் இடமொன்றில், வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால் சலுகை நின்றுவிடும். நான் சொல்லும் திட்டத்தில் எந்த இடத்திலும் மூன்று இரவுகளுக்கு மேல் இல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கே 100 கிலோமீற்றர் வருவதால், வாரம் முழுவதும் நீங்கள் முஸாபிர்தான்.

சனிக்கிழமை காலை புறப்பட்டு இரத்தினபுரியில் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, கலவானை வழியாகக் குடாவ என்ற கிராமத்துக்குப் போங்கள். சிங்கராஜ வனத்தின் வடமேற்கு வாசல் அது. கிராம வீடுகளில் தங்க இடம் தருகிறார்கள். அங்கே பெரும்பாலும் சிங்கள மக்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் இறைச்சி சேர்க்காமல் சோறு, பருப்பு, பலாக்காய், மீன், முட்டை என்று அன்போடு சமைத்துத் தருவார்கள். பெரிய சட்டி வீட்டிலேயே இருக்கட்டும். வழியில் சாப்பிடச் சீனிச் சம்பலும் பாணும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காடு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. போகவும் கூடாது. நீங்கள் நடக்கும் அகன்ற பாதைக்கு ஒரு கதை இருக்கிறது. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டில் இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. மரம் இழுக்கப் போட்ட வழியில்தான் இன்று நாம் நடக்கிறோம். 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. இங்குள்ள மரவகைகளில் நூற்றுக்கு 60க்கு மேல் இலங்கைக்கு வெளியே எங்கும் இயற்கையாக வளராதவை. பாதையோரத்தில் இலை நுனியில் சிறு குடம் தொங்கும் கொடியொன்றைக் காண்பீர்கள். குடத்தில் விழும் பூச்சிதான் அதற்கு உணவு. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி மூடி, விளிம்பு, உள்ளிருக்கும் நீர் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஒரு மாத மத்ரஸாப் பாடத்துக்குச் சமம். காடு நெடுநேரம் ஓசையற்றுக் கிடக்கும். திடீரென்று பத்துப் பன்னிரண்டு இனப் பறவைகள் ஒரே கூட்டமாக வந்து, கீழ்க்கிளை முதல் உச்சிவரை பங்கு போட்டு இரை தேடும். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. பிஸ்கட் பொதியையும் திறக்கக்கூடாது.

அட்டைகள் உண்டு, மறைக்கவில்லை. முழங்கால்வரை வரும் துணிக் காலுறை விற்கிறார்கள். சவர்க்காரமோ சித்தாலேபவோ தடவிக்கொண்டாலும் சரி. அட்டை கடித்து இரத்தம் வடிந்தால் வுளூ முறியுமா? ஷாபிஈ மத்ஹபில் முறியாது. கழுவிவிட்டுத் தொழுங்கள். ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் மேமன் சகோதரிகள் இரத்தம் வழிந்தோடினால் மீண்டும் வுளூச் செய்துகொள்ள வேண்டும். அட்டைக் காலுறையின் மேல் மஸ்ஹு செய்ய முடியாது. அது துணி, குஃப் அல்ல. தயம்மும் பற்றிய எண்ணமும் இங்கே வேண்டாம். ஆயிஷா நாயகியின் மாலை தொலைந்து படையே நீரில்லாத இடத்தில் தங்க நேர்ந்தபோது அருளப்பட்ட சலுகை அது. சிங்கராஜ வனத்தில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நீர் இல்லை என்று சொல்ல நாக்கு வராது.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. தரையில் இழுபடும் அபாயா காட்டுக்கும் மலைக்கும் ஆகாது. கணுக்காலளவில் நிற்கும், கால் வீசி நடக்கத்தக்க அகலமான பருத்தி உடை, அதற்குள் காற்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து. மறைக்க வேண்டியது மறைந்திருக்கும், விழவும் மாட்டீர்கள்.

திங்கள் காலை ரக்வானை, எம்பிலிப்பிட்டிய வழியாக உடவளவை. மழைக்காட்டை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில் புல்வெளியும் பட்ட மரங்களும் வெயிலுமாகப் பூமி மாறியிருக்கும். 1972இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். வருடத்தின் எந்த மாதத்திலும் யானை காணலாம். பிற்பகல் ஜீப்பில் போனால் மஃரிபுக்குச் சற்று முன்தான் வெளியே வருவீர்கள். உள்ளே இறங்க அனுமதி இல்லை. அஸரை என்ன செய்வது? இரண்டு மணிக்கு ளுஹரைத் தொழுது, அது முடியுமுன் சேர்த்துத் தொழும் நிய்யத்தை வைத்து, தாமதிக்காமல் அஸரையும் தொழுதுவிட்டு ஜீப்பில் ஏறுங்கள். மாலை வெயிலில் தாய் யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நடப்பதை நிம்மதியாகப் பார்க்கலாம். அருகே 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. தாயிழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டுக்கே அனுப்புகிறார்கள். குறித்த நேரங்களில் பால் கொடுப்பதைத் தூரத்தில் நின்று பார்க்கலாம். தொட விடமாட்டார்கள். விடாததுதான் சரி.

செவ்வாய் தணமல்வில, வெல்லவாய, கொஸ்லந்தை வழியாக அப்புத்தளைக்கு ஏறுங்கள். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி பாதையிலிருந்தே தெரியும். இந்தக் கொஸ்லந்தையில்தான் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து, நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. பாதைகளும் ரயில் பாதையும் உடைந்தன. எனவே புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா, ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். மழை பிடித்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கவனியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எச்சரிக்கை வந்தால் திட்டத்தை மாற்றுங்கள். காசு கட்டிவிட்டோமே என்று மலை ஏறுவது தவக்குல் ஆகாது. நீர்வீழ்ச்சியில் குளிப்பதும் அப்படியே. வழுக்குப் பாறையும் திடீர் வெள்ளமும் நீந்தத் தெரிந்தவரையும் விடுவதில்லை. போதாததற்குப் பலர் பார்க்கும் இடம். பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புத்தளையில் மூன்று இரவுகள். பள்ளிவாசல் உள்ள ஊர், சாப்பாட்டுக்கும் கவலையில்லை. புதன்கிழமை எல்ல பக்கம் போய்ச் சின்னச் சிவனொளிபாதமலையில் ஏறலாம். நம் மூத்தம்மாமார் பாவா ஆதம் மலை என்று சொல்லும் மலையின் பெயரைக் கடன் வாங்கிய சிறு குன்று. எட்டு வயதுப் பிள்ளையும் ஏறும். தேயிலைத் தோட்டத்தின் நடுவே வழி. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டதும் கமெராவைத் தூக்காதீர்கள். நாம் ஒரு நாள் மூச்சு வாங்க ஏறும் சரிவில் அவர்கள் நாள்தோறும் கூடை சுமந்து நிற்கிறார்கள். ஸலாத்துக்குப் பதில் ஒரு வணக்கமாவது சொல்லி, இரண்டு வார்த்தை பேசுங்கள். தமிழ்தானே.

வியாழக்கிழமைதான் பெரிய நாள், ஹோட்டன் சமவெளி. அறையிலேயே ஸுபஹ் தொழுதுவிட்டு உடனே ஒஹிய வழியாகப் புறப்படுங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உலக முடிவை மூடுபனி மூடிவிடும். 2,000 மீற்றருக்கு மேலான உயரம். குளிருக்குத் தடித்த உடுப்பு வேண்டும். வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். உணவைப் பெட்டியில் கொண்டு போங்கள். உள்நாட்டுக் கட்டணத்துக்கு அடையாள அட்டை தேவை. சுற்றுப் பாதை ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அதற்கிடையில் எந்தத் தொழுகை நேரமும் வராது. மாமிக்கு முழங்கால் வலியென்றால் வாசலருகே மரைகள் மேயும் வெளியில் மகனோடு உலாவட்டும். நீங்கள் நடங்கள். தொழுகை இல்லாத நாட்களாக இருந்தாலும் நடக்கத் தடையில்லை, திக்ரு உங்களோடு வரும். உலக முடிவில் பூமி ஏறத்தாழ 870 மீற்றர் அப்படியே கீழே இறங்குகிறது. விளிம்பில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. பெலிகுல் ஓயா ஆற்றில் விழுவது. இந்த ஆறு கீழே போய் வளவை கங்கையோடு சேர்கிறது. திங்கட்கிழமை யானைகள் குடித்துக்கொண்டு நின்றது வளவையைத் தேக்கிய நீரைத்தான். பிள்ளைகளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை அப்புத்தளையிலிருந்து இறங்கி, 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியையும் பார்த்து, பெலிகுலோயாப் பாலத்தைக் கடக்கும்போது, "இந்தத் தண்ணீரை எங்கே கண்டோம், எங்கே போகிறது?" என்று கேளுங்கள்.

பலாங்கொடையில் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போகட்டும். முஸாபிருக்குக் கடமையில்லை என்றாலும் பள்ளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விடுவானேன்? நீங்கள் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிடுங்கள். மஃரிபளவில் வீடு வந்துவிடலாம். அந்த இரவுச் சோற்றைத் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டிலோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் போய்வரும் வாரம் நீங்கள் ஆக்கிக் கொடுக்கலாம்.