வேலிக்கு அப்பால்

எமது வேலிக்கு அப்பால் வசிப்பது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மாலை ஏழு மணியானதும் அவ்வீட்டு விறாந்தையிலே பாய் விரிக்கப்படும். தகப்பனார் வேதாகமத்தில் ஒரு சிறு பகுதியை வாசிப்பார். பிள்ளைகள் இருவரும் கீர்த்தனை பாடுவர். தாயார் செபஞ் சொல்வார். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பல்லாண்டுகளாக நாம் கேட்டுப் பழகிய அவ்வோசை சென்ற ஆண்டிலே சில மாதங்கள் கேளாதொழிந்தது.

ஒருநாள் படலையடியில் அவ்வன்பரைக் கண்டு காரணம் வினவினோம்.

"என்ன செய்வது மாஸ்டர், பிள்ளைகள் ரியூசன் முடிந்து வர எட்டு மணியாகிறது. ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வுநாட் பாடசாலை இருக்கிறதுதானே. அங்கே படிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்" என்றார்.

அவர்மீது குறைகாணும் தகுதி எமக்கிருக்கவில்லை. கல்லூரியிலே பிறர் பிள்ளைகளுக்குச் சைவசமயம் போதிக்கும் நாம், எம் மகனுடைய சமய பாடப் புள்ளிகளைப் பார்த்துத் திருப்தியடைவதோடு நின்றிருந்தோம். ஒன்பது வயதான அவன் ஒருநாள், "அப்பா, நீங்கள் கும்பிடுவதை நான் காணவில்லையே. அது சோதனைக்கு மட்டுமா?" என்று கேட்டான். எமக்கு விடை வரவில்லை.

ஜெர்மன் தேசத்து மார்ட்டின் லூதர் நாட்டுப்புறச் சபைகளைப் பார்வையிட்டு, மக்களின் அறியாமை கண்டு மனம் நொந்தபின், 1529ஆம் ஆண்டிலே சிறு ஞானோபதேசம் ஒன்றை வெளியிட்டார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம் முதலிய பகுதிகளைக் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்கும் முறை என்றே தலைப்பிட்டிருந்தார். போதகருக்கு மாத்திரமன்றித் தகப்பனுக்கும் உரியதாக அந்நூல் அமைந்தது. (நம் நாவலர் பெருமானின் சைவ வினாவிடையும் அவ்வாறே வினாவும் விடையுமாயுள்ளது. வினாவுவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டுமல்லவா?)

அயலவரின் போதகர் நிலைமையை அறிந்து வீட்டுக்கு வந்தாராம். கண்டிக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் வாசித்த பகுதியிலிருந்து நாலு வரியும் ஒரு கேள்வியும் எழுதிய துண்டுத்தாளை வாரந்தோறும் கொடுக்கலானார். அதுவும் பிள்ளைகள் கையிலன்று, பெற்றார் கையிலே. சொந்த வார்த்தையில் செபிக்கக் கூச்சப்படும் தகப்பன்மாரை மாதமொருமுறை தனியே அழைத்துப் பழக்கினார். இவற்றிலும் மேலாக எமக்குப் பட்டது வேறொன்று: பாடகர் பயிற்சி, வாலிபர் கூட்டம், மாதர் சங்கம் என்று வீட்டாரை மாலைதோறும் வெளியே இழுத்த நிகழ்ச்சிகளைச் சுருக்கி, வாரத்தில் இரண்டு மாலைகளை வீட்டுக்கே விட்டுக்கொடுத்தார். ஆலயமொன்று தன் கூட்டத்தைத் தானே குறைத்துக்கொள்வது இலேசான காரியமன்று. ஆட்கள் நிறைந்திருப்பதைக் காண்பதில் எல்லாச் சமயத்தாருக்கும் ஓர் ஆசையுண்டு. எமது கோயில்களும் விலக்கல்ல.

இப்பொழுது செபம் எட்டரை மணிக்குக் கேட்கிறது. சில நாட்களிலே கீர்த்தனை இடையில் நின்று, சிரிப்பொலியும் வரும்.

சென்ற வெள்ளிக்கிழமை நாமும் மகனை அழைத்துக்கொண்டு சுவாமி அறையில் விளக்கின்முன் அமர்ந்தோம். தேவாரம் தொடங்கினோம். இரண்டாம் அடியிலே தடுமாறினோம். மகன் எடுத்துக் கொடுத்தான்.