கேட்கப் பயந்த ஒரு கேள்வி

என் தங்கை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாகக் கடமையாற்றுகிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியப்புறம் 5 மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, நான் ஒரு ஆளைக் கொல்லப் பாத்திட்டன்" என்றாள். பிறகு அழுகை மட்டும்தான் கேட்டது.

நடந்தது இதுதான். சீனி வருத்தத்துடன் வாட்டில் இருந்த வயோதிபத் தாய் ஒருவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் 4 அலகு இன்சுலின் ஏற்றும்படி எழுதப்பட்டிருந்தது. அலகு என்பதை முழுதாக எழுதாமல் ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போடுவது பலருடைய வழக்கம். அவசரத்தில் எழுதியதால் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டு பூச்சியம் போலத் தெரிந்திருக்கிறது. என் தங்கை 40 என்று வாசித்துவிட்டாள்.

'கூடவாக் கிடக்கே' என்று அவளுடைய மனம் சொல்லத்தான் செய்தது. ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் வேறொரு நோயாளிக்காக, அன்றிரவு அழைப்புக் கடமையில் இருந்த வைத்தியரை எடுத்து ஏச்சு வாங்கியிருந்தாள். "இதுக்கெல்லாம் கோல் பண்ணுவியா? படிச்சுத்தானே வந்தனீ?" என்று சொல்லி அவர் வைத்துவிட்டாராம். இன்சுலின் இரண்டு பேர் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து. மற்றத் தாதி புதிதாக வந்த நோயாளியோடு நின்றாள். சிலருக்கு 40 அலகும் ஏற்றுவதுண்டு என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டாள்.

ஒன்றரை மணித்தியாலத்தில் அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. குத்திப் பார்த்தால் சீனி 38. சீட்டை வெளிச்சத்தில் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியிருக்கிறது. வைத்தியரை எடுத்தாள். அவர் ஏசத் தொடங்க முன்னமே, "டொக்டர், பிழை என்னுடையது. 4க்குப் பதிலா 40 ஏத்திட்டன். இப்ப சீனி 38. உடனே வாங்கோ" என்றாள். அவர் ஓடி வந்தார். நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றி, விடியும்வரை திரும்பத் திரும்பச் சீனி பார்த்தார்கள். காலையில் அந்த அம்மா தேத்தண்ணி கேட்டாராம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தை, "நீ ஒருத்தருக்கும் சொல்லாதை. ஆச்சி சுகமாத்தானே இருக்கிறா. பேசாமல் இரு" என்பதுதான்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீயா அக்கா இப்பிடிச் சொல்லுறாய்?" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். அதிகாரம், படிநிலை என்று பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவள். கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, "மௌனமாக இருக்காதீர்கள்" என்று சொல்வதே என் தொழில். அப்படிப்பட்ட என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது?

யோசித்துப் பார்த்தேன். 2009இல் மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருவரும் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். கேள்வி கேட்டால் ஆபத்து, தலையைக் குனிந்தால் தப்பலாம் என்பதை அங்கே படித்தோம். அன்று அந்தப் பாடம் எங்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் வாட்டில் அவள் கேட்காமல் விட்டதும், தொலைபேசியில் நான் மறைக்கச் சொன்னதும் அதே பாடத்தின் மிச்சம்தான்.

அவள் என் சொல்லைக் கேட்கவில்லை. வாட் சிஸ்டரிடம் சொன்னாள். பிறகு சிஸ்டரோடு போய் அந்த அம்மாவின் மகளிடமும் சொன்னாள். மகள் கத்தினார், அழுதார். "மன்னிக்கிறதோ இல்லையோ பிறகு. இப்ப அம்மாவை ஒழுங்காப் பாருங்கோ" என்றார்.

தங்கையிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். வைத்தியரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் முதல் நாள் காலையிலிருந்து தூங்காமல் நின்றவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய களைப்பு மற்றவரின் வாயைப் பூட்டுமென்றால், அதன் விலையைக் கொடுப்பது கட்டிலில் கிடக்கும் நோயாளி அல்லவா?

இது இவள் ஒருத்தியின் கவலையீனம் மட்டுமல்ல என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அந்த ஒற்றை எழுத்தை ஐக்கிய அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டிலேயே எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மருந்துத் தவறுகளால் வரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஒரு திட்டத்தையே தொடங்கியது. தவறு செய்த மருத்துவப் பணியாளரும் உள்ளே உடைந்து போகிறார், அவர் 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அல்பேர்ட் வூ என்ற வைத்தியர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். முதலாவது பாதிக்கப்பட்டவர் நோயாளிதான். அதை மறக்கக் கூடாது.

தங்கைக்குப் பல நாள் நித்திரையில்லை. மருந்துக் குப்பியை எடுத்தாலே கை நடுங்கும். வேலையை விடப் போவதாகச் சொன்னாள். அவளைத் தேற்றியது என் புத்திமதியல்ல. மூத்த தாதி ஒருவர் பக்கத்தில் இருந்து, இருபது வருடத்துக்கு முன் தான் விட்ட பிழையைச் சொன்னாராம். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் சில பழக்கங்களை வைத்திருக்கிறாள். வைத்தியரை எடுக்க முன் நோயாளி யார், என்ன நடக்கிறது, அளவுகள் எவ்வளவு, தனக்கு என்ன வேண்டும் என்று தாளில் குறித்துக்கொள்கிறாள். அவர் ஏசினால் பதில் ஏசாமல் அதே வசனத்தைத் திரும்பச் சொல்கிறாள். அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் தான் ஒருமுறை வாசித்துக் காட்டுகிறாள். எடுத்த நேரத்தை எழுதி வைக்கிறாள். பதில் கிடைக்காவிட்டால் அவருக்கு மேலே உள்ள வைத்தியரை எடுக்கிறாள்.

தோழியரே, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாங்களும் வாய் திறப்போம். குடிக்கும் மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு போவோம். ஊசி போட வந்தால், "இது என்ன மருந்து, எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேட்போம். வீட்டில் இன்சுலின் போடுபவருக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால், நினைவோடு இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அந்த அம்மா வீடு போகும்வரை, ஒவ்வொரு ஊசிக்கும் மகள் எழும்பி வந்து, "மிஸி, இது எத்தினை?" என்று கேட்டாராம். முதல் நாள் நெஞ்சு சுருக்கென்றது என்றாள் தங்கை. பிறகு மகள் கேட்க முன்னமே ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டப் பழகிவிட்டாள்.