புதுமுகங்களை வரவேற்போம்

பாடசாலை வாயிலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் புதிய மாணவரை அழைத்துச் செல்லும் கால்கோள் விழா நமக்குப் புதிதன்று. மாலையில் அப்பிள்ளை வீடு திரும்பி, தாயிடம் அன்றைய கதையெல்லாம் சொல்லிவிடும். விடுதிப் பாடசாலையிற் சேரும் பிள்ளையின் நிலை வேறு. விழா முடிந்து பெற்றோர் பேருந்து ஏறிய பின்னரே அதற்கு முதல் நாள் தொடங்குகிறது.

வெலிமடையைச் சேர்ந்தவர் இதனை நன்கறிவர். அணித்தேயுள்ள குருத்தலாவையில் 1942ஆம் ஆண்டு சென். தோமஸ் கல்லூரி தோன்றியது. உலகப் போரின் நெருக்கடியில் கல்கிசைத் தாய்க்கல்லூரியின் கட்டடங்கள் படையினர் வசமாகவே, கடற்கரைப் பிள்ளைகள் பலர் இம்மலைக்குளிருக்கு வந்தனர். அவ்விடத்துக்கு எல்லோரும் புதியவரே; ஒருவருக்கொருவர் உறவாவதன்றி வேறு வழியில்லை.

பின்னர், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் வந்தன. புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளையும் விடுதியில் தங்கிப் படிக்க வழி பிறந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இலேதான். ஆகவே ஊவாத் தோட்டத்து லயங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு, விடுதிக்குச் செல்லும் பிள்ளையே அவ்வழியில் முதற்பிள்ளை. அங்குள்ள நடைமுறையை முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வீட்டில் அண்ணனுமில்லை, அக்காளுமில்லை.

அந்த அண்ணனும் அக்காளும் விடுதியின் மூத்த மாணவரே ஆதல் வேண்டும். வரவேற்பு என்னும் பெயரால் புதியவரை அச்சுறுத்தும் பகிடிவதையைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டம் தீங்கைத் தடுக்கும். அன்பைப் பிறப்பிக்க அதனால் இயலாது. குளிக்குமிடத்தைக் காட்டுவதும், உணவு மேசையில் பக்கத்தில் அமர்த்திக்கொள்வதும், “முதல் வாரம் நாங்களும் அழுதோம்” என்று ஒரு சொல் சொல்வதும் மாணவராலேயே ஆகக்கூடியவை.

பெற்றோருக்கும் ஒரு பங்குண்டு. பிரியும் வேளையில், “அழாதே” என்று அதட்டுவதைவிட, அடுத்து எந்நாளில் வருவோம் என்று சொல்லி, அந்நாளில் தவறாது போய்ப் பார்த்தல் நன்று.

முதல் வாரத்திலேயே மனமுடைந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு, அதன்பின் படிப்பே நின்றுபோதலும் கூடும். விழாவன்று இட்ட சந்தனம் மாலைக்குள் உலர்ந்துவிடும். அன்றிரவு, “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் ஒரு குரல் அப்பிள்ளையை அங்கே நிலைநிறுத்தும்.