உப்பளத்துப் பாதங்கள்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகளும் வெண்குவியல்களும் தோன்றும். அக்காட்சியில் மகிழும் நாம், பாத்தியில் நிற்கும் பாதங்களைக் கவனிப்பதில்லை. கடல்நீரில் நூற்றுக்கு 3½ பங்கு உப்பு. உப்பு விளையும் பாத்தியிலோ 25 பங்கை எட்டும். அந்நீர் பட்டுப் பட்டுத் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பில் உப்பேறினால் புண் ஆறுவது அரிது.

பாதரட்சை அணியலாகாதோ என்பீர்கள். பனிநாட்டு வேட்டைக்காரர் கம்பளி வைத்த பூட்ஸைத் தேடுவது உடற்சூட்டைக் காப்பதற்கு. இங்கோ உப்புநீர் உள்ளே புகலாகாது. உஷ்ணமும் வியர்வையும் வெளியேற வேண்டும். முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் முதற்காரியத்தைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. சித்திரை வெயிலில் கால் உள்ளேயே புழுங்கும். ஆகவே இலேசானதாய், சேற்றில் கழலாதபடி அளவாய்ப் பொருந்துவதாய், வெளிர்நிறமாய் இருத்தல் நலம். மாற்றி உலர்த்த மற்றொரு ஜோடியும் அவசியம்.

1930-இல் ராஜாஜியுடன் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்த பாதங்களைப் போற்றுகிறோம். உப்பளத்துப் பாதங்களுக்கு ஏற்ற பாதரட்சை சமைத்தளிப்பதும் நம் கடமையல்லவா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியோர். உப்பை விளைவித்தவரை நாம் மறக்கலாமா?