தறிச்சத்தத்தில் ஒரு சிங்கம்

எங்கள் வீட்டு டிவி ஒரு நாளைக்கு இரண்டு முறை சுருங்கும். காலையில் ஷிப்ட் மாறித் தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும்போது ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வோல்டேஜ் இறங்கியதும் படம் நாலு பக்கமும் உள்வாங்கி, கறுப்புக் கரை போட்ட கைக்குட்டை மாதிரி ஆகிவிடும். அந்தக் கைக்குட்டைக்குள்தான் தீ வளையத்தைத் தாண்டும் சிங்கத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அதன் முதுகில் ஒரு பபூன் உட்கார்ந்திருந்தான்.

அது 2003. எனக்குப் பத்து வயது. திருப்பூரிலிருந்து சோமனூர் போகிற வழியில் இருக்கிற மங்கலத்தில், ஒரு தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளத்தோடு வரும்போது மட்டும் சைக்கிளில் பூந்திப் பொட்டலம் தொங்கும். அம்மா பக்கத்துக் குடோனில் தறி ஓட்டினாள். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா குறுக்கே ஓடும் சத்தம் ராத்திரி பகலாகச் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தத்தில் தூங்குவோம். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம்.

நால்ரோட்டுப் பக்கம் ஒரு கேசட் கடை இருந்தது. கடைக்கார அண்ணன் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பார்ப்பார், பாட்டு ரிக்கார்டு செய்து தருவார். பின்னால் இருந்த இருட்டு அறையில் இரண்டு டிவி வைத்து, டிவி கேமை அரை மணிக்கு மூன்று ரூபாய் என்று விட்டிருந்தார். பையன்கள் செருப்பைக் குவித்துப் போட்டுவிட்டு உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பொம்பளைப் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகிற வழக்கம் இல்லை. அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டுபோகும் சாக்கில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் அண்ணன் கேட்டார், "வெளையாடோணுமா பாப்பா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கெழம எம்பது ரூவா, மத்த நாளு அம்பது."

ஐம்பது ரூபாய் சேர்க்க எனக்கு முழுப்பரீட்சை லீவில் மூன்று வாரம் பிடித்தது. எதிர்வீட்டு அக்கா கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாகப் பனியன் பீஸ் எடுத்து வருவாள். தையல் முனையில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை நூல்வெட்டியால் வெட்டிக் கொடுத்தால் கையில் சில்லறை தருவாள். பிசிறு வெட்டும்போது பஞ்சு மூக்கில் ஏறும். தும்மிக்கொண்டே வெட்டினேன்.

பெட்டி வந்தது. சிவப்பும் வெள்ளையும், பால்பாயிண்ட் பேனா ரீஃபில் அளவுக்கு மெலிந்த வயரில் இரண்டு ரிமோட். கேசட் மஞ்சள் நிறம். அதன் மேல் 9999999 இன் 1 என்று எழுதியிருந்தது. படம் வராமல் கோடு கோடாக ஓடினால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் காட்டிக்கொடுத்தார். கேசட்டின் வாய்க்குள் பித்தளை நிறத்தில் பல் வரிசை மாதிரி தகடுகள் இருக்கும். பள்ளிக்கூட ரப்பரைக் கூராக வெட்டி, அந்தப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். ரப்பர் கறுத்துப்போகும், தகடு பளிச்சென்று ஆகும். அவர் ஒரு தரம் திருகைக் கழற்றி உள்ளேயும் காட்டினார். பச்சைப் பலகை நடுவே கருஞ்சாந்துப் பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்பு உருண்டை, அவ்வளவுதான். எல்லா விளையாட்டும் அந்தப் பொட்டுக்குள் இருந்தது.

கோடி விளையாட்டு என்று எழுதியிருந்தாலும் பட்டியலில் கொஞ்சம் இறங்கியதுமே பழையதே திரும்பத் திரும்ப வரும். பையன்களுக்கு கான்ட்ரா, டேங்க், மாரியோ. என் விரல் பட்டியலில் ஒரு பெயரிடம் நின்றது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: சர்க்கஸ்.

கறுப்புத் திரை, பிறகு வெளிச்சம். பச்சைத் தரை, பின்னால் வரிசை வரிசையாகக் கூட்டம். பபூனின் பெயர் சார்லி. சிங்கத்தின் மேல் ஏறி அவன் நூறு மீட்டர் போக வேண்டும். தரையில் 100, 90, 80 என்று எண்கள் இறங்கிக்கொண்டே வரும். தீச்சட்டிகள் ஒரே இடத்தில் நிற்கும், தீ வளையங்கள் எதிரே நகர்ந்து வரும். நாம் நின்றாலும் அவை நிற்காது. மேலே போனஸ் 5000-இலிருந்து குறைந்துகொண்டே இருக்கும். கையில் இருப்பது ஓட்டமும் ஒரு குதியும் மட்டும். குதித்துவிட்டால் குதித்ததுதான். காற்றில் இருக்கும்போது முன்னே பின்னே திருத்திக்கொள்ள வழியில்லை. சில சின்ன வளையங்களில் பணமூட்டை தொங்கும். அந்த ஆசையில்தான் பாதிப் பேர் கருகுவார்கள்.

இரண்டாவது கட்டத்தில் கயிறு மேல் நடக்க வேண்டும். எதிரே குரங்குகள் வரும். பழுப்புக் குரங்கு சாவகாசமாக வரும். நீலக்குரங்கு மட்டும் வேகமாக வந்து, முன்னால் போகிற குரங்கையே தாண்டிக் குதிக்கும். அதை எண்ணி மனசைத் தயார் செய்துகொள்ளவே முடியாது. மூன்றாவது உருளும் பந்துகள், நான்காவது குதிரை, ஐந்தாவது ஊஞ்சல் கயிறு. ஐந்தும் முடிந்தால் திரும்பவும் சிங்கம், இன்னும் கடினமாக.

இந்த விளையாட்டில் யாரையும் சுட வேண்டியதில்லை. எதையும் உடைக்க வேண்டியதில்லை. குரங்கை அடிக்கக்கூட ஒரு பொத்தான் கிடையாது. தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தாண்டி மேடையில் ஏறினால் கூட்டம் ஆரவாரம் செய்யும். என் வயதுக்காரர்களில் பலர் கான்ட்ராவின் கட்டங்களை மறந்துவிட்டார்கள். நீலக்குரங்கு என்று சொன்னால் மட்டும் கட்டைவிரல் தானாக அசைகிறது. இந்த விளையாட்டு நினைவில் நிற்பதற்கு அடிக்காமல் தாண்டும் இந்தக் குணம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் கொனாமி. 1969-இல் ஒசாகா பக்கம் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விட்டும் ரிப்பேர் பார்த்தும் தொடங்கிய கம்பெனி அது. இதைப் படித்தபோது எனக்கு நால்ரோட்டு அண்ணனின் சால்டரிங் வாசனை வந்தது. 1984-இல் காசு போட்டு ஆடும் பெட்டியாக சர்க்கஸ் சார்லி வந்தது. 1986-இல் சாஃப்ட் புரோ என்ற நிறுவனம் அதை நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. அந்த ஃபேமிகாம் வடிவம் ஜப்பானுக்கு வெளியே முறைப்படி விற்கப்படவே இல்லை. ஃபேமிகாமைப் பார்த்து நகலெடுத்த பெட்டிகளிலும், எல்லாவற்றையும் திணித்த மஞ்சள் கேசட்டுகளிலும் ஏறித்தான் அந்தப் பபூன் எங்கள் தறிக்குடோன் வரைக்கும் வந்து சேர்ந்தான்.

பெட்டி வந்த அன்றைக்கு அம்மா மத்தியானச் சோற்றுக்கு வந்தவள் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். நான் மூன்றாவது வளையத்திலேயே மூன்று உயிரும் போய் உட்கார்ந்திருந்தேன். "கண்ணால பாத்துட்டே இருந்தா கை பயந்துக்கும். தறியில எழ அந்து போனா நா பாத்தா கண்டுபுடிக்கறேன்? சத்தம் மாறும், கை போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே அறுந்த ஓர் இழையைக் காதால் பிடிக்கிறவள் அவள். நான் வளையத்தை வெறித்துப் பார்ப்பதை விட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் ஓடிய நாடாவைக் கேட்டுக்கொண்டே குதித்தேன். முதல் தடவையாக மேடையில் ஏறினேன்.

அப்போதுதான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்புச்சி எழுந்து உட்கார்ந்தார். அதுவரை அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பாதவர்.

"கண்ணு, அது சிங்கந்தான?"

"ஆமாங்க அப்புச்சி."

"கம்பிக்கூண்டு கட்டாமயா உட்டிருக்கறாங்க?"

அவர் பார்த்த சர்க்கஸில் சிங்கம் வருவதற்கு முன்னால் ஆட்கள் வந்து வட்டத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி கட்டுவார்களாம். வேலி கட்டும் அந்தக் கொஞ்ச நேரம் பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பானாம். அவனையே சிங்கத்தின் மேல் உட்கார வைத்திருப்பதுதான் அப்புச்சிக்கு ஆச்சரியம். அவர் வாலிபத்தில் திருப்பூரில் கூடாரம் போட்டால் ராத்திரி வானத்தில் சர்ச்லைட் சுற்றும். மங்கலத்தில் வரப்பில் நின்றாலே அந்த வெளிச்சம் தெரியுமாம். அதைப் பார்த்துவிட்டு வண்டி கட்டுவார்களாம். "ஆடறவங்க பூரா மலையாளத்துப் பக்கம்" என்றார். அவர் சொன்னது சரிதான். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அங்கே வேர்விட்ட கலைதான் ஊர் ஊராகக் கூடாரம் போட்டது.

அந்த வருஷமே திருப்பூருக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. அப்புச்சி என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பலகை கேலரியில் உட்கார்ந்தோம். யானை வந்தது, குதிரை வந்தது, நாய்கள் வளையம் தாண்டின, கிளி குட்டிச் சைக்கிள் ஓட்டியது. பெண்கள் உயரத்தில் ஊஞ்சல் மாறியபோது நான் அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது கட்டத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன், எனக்கு அதுவரை எட்டாத கட்டம். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அடுத்து கம்பி வேலி கட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கடைசி வரை கட்டவில்லை. எல்லாரும் எழுந்த பிறகும் அப்புச்சி எழவில்லை. பலகை அடுக்க வந்த ஆளிடம் கேட்டார். "சிங்கமெல்லாம் கவர்மெண்டுல நிறுத்திட்டாங்க பெரியவரே" என்றார் அவர். பஸ்ஸில் அப்புச்சி வாயே திறக்கவில்லை.

பின்னால் தெரிந்துகொண்டேன். 1998 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கவோ காட்டவோ கூடாது என்று தடுத்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. தடுத்தது நியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. சவுக்குக்கும் நெருப்புக்கும் நடுவே நிற்கிற மிருகத்தின் நிலையை எந்தக் கைதட்டலும் சரிசெய்யாது. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்த அன்று என் கண் சிங்கத்திலும் குரங்கிலும் நின்றது. என் கேசட்டின் முதல் இரண்டு கட்டங்கள். கூடாரத்தை விட்டு அவை வெளியேறிய அதே வருஷங்களில், ஊர் ஊராக மஞ்சள் கேசட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சிங்கத்துக்குக் கூண்டு இல்லை, பசி இல்லை, தழும்பு இல்லை. அப்புச்சியின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கூண்டு கட்டாமல் விட்டிருந்தது அது ஒன்றைத்தான்.

சர்க்கஸுக்குப் போய்வந்த நாலாம் நாள், அப்புச்சி சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைக் கறை படிந்த ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா கண்ணு."

பொழுதோடு அவர் கட்டிலை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரங்கும் பந்தும் வேண்டாம் என்றார், சிங்கம் மட்டும். நான் அந்த முதல் கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடினேன். ஒவ்வொரு வளையத்துக்கும் அவர் தலை லேசாக மேலே எழுந்து இறங்கும். ஐந்து கட்டமும் முடித்து மறுபடி சிங்கத்துக்கு வந்தால் வளையங்கள் நெருங்கி நெருங்கி வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். "அதயும் ஒரு தரம் பாத்துப்போடலாம்" என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அது நடந்தது. எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியாது. கயிறு, நீலக்குரங்கு, பந்து, குதிரை, ஊஞ்சல் எல்லாம் கடந்து இரண்டாம் சுற்றுச் சிங்கம் வந்துவிட்டது. கடைசி உயிர். சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பது மீட்டர், இருபது மீட்டர். கட்டைவிரல் எரிந்தது. பத்து மீட்டர். குதித்தேன். சிங்கம் வளையத்துக்கு நேராகக் காற்றில் இருந்தது.

கரண்ட் போய்விட்டது.

தறிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. தெருவில் யாரோ குழந்தையைக் கூப்பிடுவது கேட்டது. இருட்டில் டிவிக் கண்ணாடி மேல் கை வைத்தேன், முடியெல்லாம் படபடவென்று எழுந்து ஒட்டியது. இந்தப் பெட்டி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. மறுபடி கரண்ட் வந்தால் முதலிலிருந்துதான். அதை அப்புச்சிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக அண்ணன் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். வயரைச் சுற்றிக் கொடுத்தேன்.

அம்மா சிம்னி விளக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்புச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"கண்ணு, சிங்கம் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துருச்சுங்க அப்புச்சி."

"சனம் கை தட்டுச்சா?"

"தட்டுச்சுங்க."

"செரி சாமி" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.