வடிவு என்னும் சொல்

போரின் காரணமாக 1990ஆம் ஆண்டில் நாரந்தனையை விட்டு வெளியேறிய எனக்கு, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே மகளுடன் அவ்வூரை மிதிக்கும் வாய்ப்புக் கிட்டியது. கூரையிழந்த எங்கள் வீட்டுச் சுவரிற் கொடி படர்ந்திருந்தது. பனைகளுக்கு அப்பால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொழும்பில் வளர்ந்த என் மகள் சற்று விலகி நின்று நோக்கி, ‘பியூட்டிஃபுல் லான்ட்ஸ்கேப்’ என்றாள். எனக்குச் சினம் மூண்டது. நான் பிறந்த வீட்டின் இடிபாடு உனக்கு ஓவியமாயிற்றோ எனக் கடிந்துகொண்டேன். அவள் வாய்திறவாது நின்றாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவனாதலின் அச்சொல்லின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில், ஓவியரின் தொழிற்சொல்லாக ஒல்லாந்த மொழியிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது அது. ஒல்லாந்தருக்கு முதலில் அது நிலப்பகுதி ஒன்றையே குறித்தது. பின்னர் அந்நிலத்தைத் தீட்டிய ஓவியத்துக்கும் பெயராயிற்று. ஆங்கிலேயரோ அதனை ஓவியத்தின் பெயராகப் பெற்று, ஓவியம்போற் காணப்படும் நிலத்துக்கும் பின்னர் வழங்கினர். ஓவியச் சட்டத்தைத் தாங்கும் ‘ஈசல்’ என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. கழுதை என்பது அதன் பொருள். எங்கள் தீவுக்கு ‘லைடன்’ எனத் தம் நகரொன்றின் பெயரை இட்டவர்களும் அவ்வொல்லாந்தரே. ஆங்கிலேயர்க்கு ஓவியச் சொற்களை ஈந்தவர்கள் நமக்குக் ‘கந்தோரை’யும் ‘கக்கூசை’யும் விட்டுச்சென்றனர்!

அயலூராகிய கரம்பனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகள், சங்கச் செய்யுளில் இயற்கை பற்றிய தம் ஆங்கில நூலின் 1966ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ‘லான்ட்ஸ்கேப்’ என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டார். ஆயினும் அந்நூல் பேசும் திணை, விலகிநின்று நோக்கும் காட்சியன்று. நிலமும் பொழுதும், அங்கு வாழ்வோரின் தொழிலும் ஒழுக்கமும் ஒன்றியதே திணை.

ஆங்கிலத்தின் எழிற்சொற்கள் யாவும் கண்ணுக்கே உரியனவாய்ப் பிறந்தவையல்ல. ‘ஹான்ட்சம்’ என்பது இன்று முகப்பொலிவைக் குறிப்பினும், முதலிற் கையாள்வதற்கு எளியது என்றே பொருள்பட்டது. ‘ஆர்ட்’ என்பதன் மூலமாகிய இலத்தீன் ‘ஆர்ஸ்’ தொழிற்றிறனைக் குறித்தது. பொருத்துதல் என்னும் பொருளுடைய பழைய வேரினின்று அது தோன்றியதென்பர் மொழிநூலார். கலையென்பது செய்யத்தக்கதைச் செவ்வனே செய்தல் என ஆனந்த குமாரசுவாமி தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியதும் இப்பழம்பொருளையே எனலாம்.

இவ்வாறு எண்ணிவருகையில் அப்பாச்சியின் குரல் செவியில் ஒலித்தது. பனையோலையிற் பெட்டி இழைக்கும்போது நான் ஓலையைப் பிசகாக மடித்துவிட்டால், “வடிவாய்ச் செய் ராசா” என்பார். நாம் அழகை ‘வடிவு’ என்கிறோம். அச்சொல்லுக்கு உருவம் என்னும் பொருளும் உண்டு. ‘வடிவாய்’ என்னும்போது செவ்வையும் கருத்தூன்றலும் அதனுட் சேர்கின்றன. இலத்தீனிலும் வடிவத்தைக் குறிக்கும் ‘ஃபோர்மா’விலிருந்தே அழகுடையது எனப் பொருள்படும் ‘ஃபோர்மோசுஸ்’ பிறந்தது. அவ்வளவேன்? ‘லான்ட்ஸ்கேப்’ என்பதன் இறுதிப்பகுதியும், வடிவத்தைக் குறிக்கும் ‘ஷேப்’ என்னும் சொல்லும் ஒரே வேரின. நான் வெகுண்ட அச்சொல்லினுள்ளும் வடிவு ஒளிந்திருந்தது!

மகள் பிழையேதும் சொல்லவில்லை. அவளுக்கு நான் காட்டாத ஒன்றை அவள் எவ்வாறு காண்பாள்? மறுநாட் காலை மீண்டும் அவளை அழைத்துச் சென்றேன். படலை இருந்த இடம், அடுக்களை, அப்பாச்சி ஓலை இழைத்த திண்ணை, துலா நின்ற கிணற்றடி என ஒவ்வொன்றாய்க் காட்டி, “வடிவாய்ப் பார், பிள்ளை” என்றேன். அவள் கிணற்றுக்கட்டில் ஏறியிருந்த கொடியைக் கையால் விலக்கிக் குனிந்து பார்த்தாள். “அப்பா, தண்ணி கிடக்குது” என்றாள்.